வேரைப் பிடித்து ரஷ்யச் சொல் சேர்ப்பது எப்படி

வரவு என்ற சொல் ‘வா’விலிருந்து வந்தது, செலவு ‘செல்’லிலிருந்து. கைக்கு வருவது வரவு, கையை விட்டுச் செல்வது செலவு. ரஷ்ய மொழியில் வருமானத்துக்குத் தோஹோத் என்பார்கள், செலவுக்கு ராஸ்ஹோத் என்பார்கள். இரண்டுக்கும் நடுவில் நிற்கிற ‘ஹோத்’ என்றால் நடை, போக்கு. ‘தோ’ என்றால் ‘வரைக்கும்’. ‘ராஸ்’ என்றால் ‘பிரிந்து, சிதறி’. நம்மிடம் வரைக்கும் நடந்து வந்தது வரவு, நாலு பக்கமும் பிரிந்து நடந்தது செலவு. இந்த ஒரு சோடி சரியாக விளங்கினால், ரஷ்யச் சொல் எப்படிக் கட்டப்படுகிறது என்பதில் பாதி விளங்கின மாதிரி.

திருகோணமலையில் ரஷ்ய மொழி தேவைப்படுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு பகுதியினர். மே தொடக்கம் செப்டெம்பர் வரை உப்புவெளி, நிலாவெளிக் கரையில் விடுதி, போட், ஓட்டோ என்று தொழில் செய்பவர்கள் ஒரு பகுதி. மருத்துவம் படிக்க ரஷ்யா போகும் பிள்ளைகள் மற்றப் பகுதி. இரு பகுதியினரும் ஒரே பிழையைத்தான் விடுகிறார்கள்: ஒரு நாளைக்கு இருபது சொல் என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்கிறார்கள். மூன்றாவது கிழமை முதலாவது கிழமைச் சொற்கள் காணாமற் போகின்றன. பட்டியலில் உள்ள சொற்கள் ஒன்றுக்கொன்று சொந்தமில்லாதவை, அதுதான் காரணம். வெளிநாட்டவருக்கான ரஷ்ய மொழி அரசுத் தேர்வில் முதல் மூன்று படிகளுக்குக் கேட்கும் சொல்லளவு 780, 1300, 2300 என்று ஏறுகிறது. தனித்தனிச் சொல்லாகப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். குடும்பம் குடும்பமாகப் பார்த்தால் அத்தனை பெரிதல்ல.

கொப்பியில் தமிழ் எழுத்து வேண்டாம்

ரஷ்ய எழுத்து 33. அதில் உயிர் 10, மெய் 21, தனக்கென்று ஒலி இல்லாத குறி 2. தினமும் அரை மணி நேரம் ஒதுக்கினால் பத்து நாளில் வாசிக்க வரும். அதைச் செய்யாமல் வேர் படிக்க இறங்காதீர்கள். இங்கே சொற்களைத் தமிழ் எழுத்தில் தருவது வாசிக்கும் வசதிக்காக மட்டும். உங்கள் கொப்பியில் ரஷ்ய எழுத்தே இருக்க வேண்டும். அதற்கு இரண்டு காரணம்.

ஒன்று, தமிழில் ‘த’ ஒன்றுதான். ரஷ்ய மொழியில் தொண்டை அதிராத வல்லொலிக்கு ஒன்று, தொண்டை அதிரும் மெல்லொலிக்கு ஒன்று என இரண்டு. வீடு என்பதும், ஒரு நூலின் தொகுதி என்பதும் தமிழில் எழுதினால் இரண்டுமே ‘தோம்’தான். வலியும் நிலத்தளமும் இரண்டுமே ‘போல்’. ‘ஸ’வுக்கும் இதே கதை. வேரே இப்படிக் குழம்பினால் மிச்சம் எதுவும் நிற்காது.

மற்றது இன்னும் முக்கியம். ரஷ்ய மொழியில் அழுத்தம் விழாத ‘ஓ’ வாயில் ‘அ’ ஆகிவிடும். தண்ணீரை எழுதுவது வோதா, சொல்வது ‘வதா’. அதே வேரில் வரும் ‘நீர் சார்ந்த’ என்ற சொல்லில் அழுத்தம் முன்னுக்கு வருவதால் வோத்னி என்று ஓகாரம் தெளிவாகக் கேட்கும். காதை மட்டும் நம்பினால் இவை இரண்டு வேர். எழுத்தைப் பார்த்தால் ஒன்று. சொல்லின் கடைசி மெல்லொலியும் வல்லொலியாகத்தான் வாயில் வரும், எழுத்தில் மாறாது. ஆகவே கீழே எல்லாச் சொல்லையும் எழுத்துப்படிதான் தருகிறோம். உச்சரிப்பை ஒலிப்பதிவு கேட்டுச் சரிசெய்துகொள்ளுங்கள்.

முதலில் முன்னொட்டு

தமிழ்ச் சொல் பின்னால் வளரும்: நட, நடந்து, நடந்துகொண்டிருந்தவர்கள். வேர் எப்போதும் முன்னுக்கு நிற்பதால் நம் கண் சொல்லின் தொடக்கத்தையே பிடித்துப் பழகியது. ரஷ்ய மொழியில் இந்தப் பழக்கம் காலை வாரும். அங்கே பல சொற்களில் வேர் நடுவில் இருக்கும். அகரவரிசையில் படித்தால் ‘பெரெ’ என்று தொடங்கும் ஐம்பது சொல் ஒரே முகமாகத் தெரியும். ‘ப்ரி’ என்று தொடங்குவதும் அப்படியே. முன்னொட்டைக் கழற்றப் பழகின பிறகுதான் உள்ளே இருப்பது தெரியும்.

நமக்கு இது முற்றிலும் புதிதும் அல்ல. நாடாளுமன்றச் செய்தியில் வரும் ‘வெளிநடப்பு’ என்ற சொல்லை எடுங்கள். வெளி முன்னால், நடப்பு பின்னால். ரஷ்ய ‘விஹோத்’ அச்சு அசல் அதே கட்டுமானம்: வி என்றால் வெளியே, ஹோத் என்றால் நடப்பு. கதவின் மேல் எழுதியிருந்தால் ‘வெளியேறும் வழி’ என்று பொருள். (அந்த ‘வி’யில் இருப்பது சரியான இகரம் அல்ல, ‘அது’ என்பதன் கடைசியில் வரும் குற்றியலுகரத்துக்குக் கிட்டத்தட்ட வரும் ஒலி.)

எல்லா முன்னொட்டையும் இந்த ஹோத் என்ற ஒரே வேரில் கட்டிப் படிப்பது நல்லது. வேர் மாறாமல் இருந்தால்தான் முன்னொட்டு என்ன செய்கிறது என்பது துலங்கும்:

- வ்ஹோத்: உள்ளே, நுழைவாயில்
- விஹோத்: வெளியே, வெளிவாயில்
- பெரெஹோத்: குறுக்கே, பாதசாரிக் கடவை
- ப்ரோஹோத்: ஊடாக, இடைவழி
- வோஸ்ஹோத்: மேலே, சூரிய உதயம்
- ஸாஹோத்: அப்பால், அஸ்தமனம்
- போத்ஹோத்: கீழே அல்லது கிட்ட, அணுகுதல்
- ப்ரிஹோத்: வந்துசேர, வருகை
- உஹோத்: விட்டகல, புறப்பாடு

தோஹோத், ராஸ்ஹோத் இரண்டையும் சேர்த்தால் பதினொன்று. இரண்டு கிழமைக்கு இதுவே போதும்.

பிறகு ஹோத் இருந்த இடத்தில் யெஸ்த் என்பதைப் போடுங்கள். அது வாகனத்தில் போவது. விடுதிக்காரருக்கு உடனே பயன்படும் இரண்டு சொல் கிடைக்கும்: விருந்தினர் வந்து அறை எடுப்பது ஸாயெஸ்த், அறையை விட்டுப் போவது வியெஸ்த். ரஷ்ய மொழியில் முன்பதிவுக் கடிதம் வந்தால் திகதிக்குப் பக்கத்தில் பெரும்பாலும் இவைதான் இருக்கும். ஸா இங்கே ‘அப்பால்’ அல்ல, ‘போகிற வழியில் உள்ளே புகுந்து’ என்ற பொருளில் வருகிறது. முன்னொட்டுக்கு இப்படி இரண்டு மூன்று முகம் உண்டு என்பதை இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு வேரைக் கிட்ட வைத்துப் பார்ப்பது

தோக் என்ற வேரை எடுப்போம். பொருள்: ஓட்டம். தமிழில் ஓடு என்ற ஒரு வினையிலிருந்து நீரோட்டம், மின்னோட்டம் இரண்டும் வருகின்றன. ரஷ்ய மொழியிலும் தோக் என்று தனியே சொன்னால் மின்னோட்டம். கடலின் நீரோட்டம் தெச்சேனியெ. அருவி போல் பாயும் பெருக்கு போதோக். எரிவாயு கசிந்தால் அது உதேச்கா: உ, விட்டகல ஓடுவது. கிழக்கு என்பது வோஸ்தோக்: வோஸ் என்றால் மேலே, சூரியன் மேலே ஓடும் பக்கம். 1961 ஏப்ரல் 12இல் ககாரின் போன விண்கலத்துக்கு இட்ட பெயரும் இதுதான். ரஷ்யாவின் கிழக்கு மூலையில் இருக்கும் துறைமுகம் விளாதிவோஸ்தோக். முன்பாதியில் ஆளுகைக்கான வேர், பின்பாதியில் கிழக்கு.

இப்போது கன்னியாவுக்கு வருவோம். அங்குள்ள ஏழு வெந்நீர்க் கிணறுகளைப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனால் விருந்தினர் கோர்யாச்சி இஸ்தோச்னிக் என்பார். முதற்சொல் ‘சூடான’. இரண்டாவதைப் பின்னாலிருந்து உரிக்க வேண்டும், முன்னாலிருந்து அல்ல.

முதலில் கடைசியில் இருக்கும் ‘னிக்’கைக் கழற்றுங்கள். ஒரு பொருளை அல்லது ஆளைக் குறிக்கும் பின்னொட்டு அது. அடுத்து முன்னால் இருக்கும் ‘இஸ்’. உள்ளிருந்து வெளியே என்று பொருள். மிஞ்சுவது ‘தோச்’. இப்படி ஒரு வேர் அகராதியில் தேடினால் உங்களுக்கு வேண்டியது கிடைக்காது. ஏனென்றால் இது தோக். பின்னால் வந்த ‘ன்’ பட்டு க் என்பது ச் ஆகியிருக்கிறது. திருப்பிப் போட்டால் ‘உள்ளிருந்து வெளியே ஓடுவது’. ஊற்று.

இந்த எழுத்து மாற்றம்தான் தொடக்கக்காரர் அதிகம் தடுக்கி விழும் இடம். ஆறு, ஆற்றில் என்று எழுதும்போது அவை வெவ்வேறு சொல் என்று நாம் நினைப்பதில்லை. காடு, காட்டில் என்பதும் அப்படியே. ரஷ்யக் காதுக்குத் தோக், தோச், தெச் மூன்றும் அதே போல ஒன்று. மாற்றங்கள் கண்டபடி வருவதில்லை, எண்ணிவிடலாம். க் என்பது ச் ஆகும்: கை ரூகா, பேனை ரூச்கா. ஸ் என்பது ஷ் ஆகும்: எழுதுவது பிஸாத், எழுதுகிறேன் பிஷூ. ஹ் என்பதும் ஷ் ஆகும்: காது ஊஹோ, காதுகள் ஊஷி. மெல்லொலிக் க் மற்றும் த் இரண்டும், ‘ஷ’வைத் தொண்டை அதிரச் சொன்னால் வரும் ஜ் ஆகும்: நண்பன் த்ரூக், நட்பு த்ரூஜ்பா, நடப்பது ஹோதீத், நடக்கிறேன் ஹோஜூ. உயிரில் எ, ஓ இரண்டும் இடம் மாறும் (தெச், தோக்), ஓ சில வேளை ஆ ஆகும். இதற்கு மேல் ஒன்றைச் சேர்த்தால் போதும்: சில சொற்களில் இரண்டு ஓகாரத்தோடு வரும் நீண்ட வடிவமும் ஓர் ஆகாரத்தோடு வரும் குறுகிய வடிவமும் உண்டு. குளிரான என்பது ஹோலோத்னி, இதமான குளிர்மை ப்ரோஹ்லாத்னி. நகரம் கோரோத், பழைய ஊர்ப்பெயர்களில் அது க்ராத், லெனின்கிராத் என்பதில் போல.

பின்னொட்டில் ஏழு தெரிந்தால் பெரும்பாலான சொல் உரிந்துவிடும்: செய்பவருக்குத் தெல், பொருளுக்கோ ஆளுக்கோ னிக், தன்மைக்கு ஓஸ்த், செயலுக்கு எனியெ அல்லது அனியெ, சிறியதற்கும் செயலுக்கும் கா, பெயரடைக்கு னி, ஸ்கிய். ஸ்புட்னிக்கையே எடுங்கள்: ஸ் (கூட), புத் (பாதை), னிக் (ஆள்). வழித்துணை. 1957இல் பூமியைச் சுற்றப் போனதும், 2021இல் இலங்கையில் ஏற்றிய தடுப்பூசியும் அந்தப் பெயர்தான்.

சொந்தம் போலத் தெரிந்து சொந்தமில்லாதவை

வேர் முறையில் வரும் பிழைகளில் பெரும்பகுதி இங்கேதான் நடக்கிறது. ஆகவே நேரம் எடுத்துப் பாருங்கள்.

வோத் என்ற ஒலியில் இரண்டு வேர் இருக்கிறது. தமிழில் ஆறு என்றால் நதியும் எண்ணும் ஆவது போல. ஒன்று தண்ணீர்: வோதா, நீருக்கடியிலான என்பதற்குப் போத்வோத்னி, நீர்வீழ்ச்சிக்கு வோதோபாத், சுழியோடிக்கு வோதோலாஸ். மற்றது வழிநடத்துவது, கொண்டுபோவது: சாரதி வோதீதெல், மொழிபெயர்ப்பாளர் பெரெவோத்ச்சிக் (ஒரு மொழியிலிருந்து குறுக்கே கொண்டுபோகிறவர்), சுற்றுலா வழிகாட்டி எக்ஸ்குர்ஸோவோத். போட்டில் ஆட்களை ஏற்றிப் போகும் வழிகாட்டி ‘நம் பெயரிலும் தண்ணீர் இருக்கிறது’ என்று நினைத்தால் பிழை. பிரித்தறிய ஒரு சோதனை: அந்தக் குடும்பத்தில் எங்காவது வெத் அல்லது வோஜ் என்று மாறுகிறதா பாருங்கள். நடத்துகிறேன் என்பது வெதூ, தலைவன் வோஜ்த். தண்ணீர் வேர் இப்படி மாறாது. குழாய்நீர் விநியோகத்துக்கு வோதோப்ரோவோத் என்று பெயர். அதில் முதல் வோத் தண்ணீர், இரண்டாவது வோத் கொண்டுபோவது. இரண்டும் ஒரே சொல்லில் குடியிருப்பதால் கொப்பியில் முதல் பக்கத்தில் எழுதத் தக்க சொல் இது.

கோர் என்பதில் மூன்று. எரிவது, சுடுவது ஒன்று: கோர்யாச்சி, வெயிலில் கிடந்து நிறம் ஏற்றுவது ஸாகோராத், அப்படி ஏறிய நிறம் ஸாகார். மலை கோரா, அது வேறு. நகரம் கோரோத், அதுவும் வேறு.

சாப்பாட்டு மேசையில் ரஷ்யர் முதலில் கேட்பது ஓஸ்த்ரி இல்லாமல் இருக்குமா என்று. உறைப்பா, காரமா என்று அர்த்தம்; கூர்மைக்கும் அதே சொல். தீவு ஓஸ்த்ரோவ். முதல் நான்கு ஒலி ஒன்று, உறவு இல்லை. தீவின் ‘ஓ’ என்பது ‘சுற்றி’ என்ற முன்னொட்டு, ஸ்த்ரோவ் என்பது பாய்ச்சல்: சுற்றி நீர் பாயும் இடம். நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாமலைத் தீவைக் கோலுபீனி ஓஸ்த்ரோவ் எனலாம். புறா கோலூப், வெளிர்நீலம் கோலுபோய். இவை இரண்டும் உண்மையிலேயே சொந்தம். புறாவின் கழுத்து நிறம்.

கடல் மோரெ, கடலோடி மோர்யாக். கரையில் விற்கிற ஐஸ்கிறீம் மோரோஜெனோயெ. அது உறைபனி என்ற மோரோஸ் குடும்பம், கடலோடு ஒட்டில்லை. திமிங்கிலம் கித், சீனா கிதாய். வலி போல், பெரிய என்பது போல்ஷோய். பறப்பு லெத், கோடை லேதோ. இவற்றைச் சோடி சோடியாக எழுதி நடுவில் ஒரு வெட்டுக்கோடு போட்டு வையுங்கள்.

சோதிக்கும் முறை எளிது. வேர் என்று நினைப்பதை வெட்டினால் மிஞ்சுவது தெரிந்த ஒட்டாக இருக்க வேண்டும். கிதாயில் கித்தை வெட்டினால் ‘ஆய்’ மிஞ்சும். அப்படி ஒரு பின்னொட்டு இங்கே இல்லை. மோரோஜெனோயெவில் மோரை வெட்டினால் ‘ஓஜ்’ மிஞ்சும், அதுவும் இல்லை. பொருளையும் ஒரே தமிழ் வசனத்தில், வில்லங்கமில்லாமல், வேரோடு முடிச்சுப் போட முடிய வேண்டும். கதை கட்டித்தான் பொருத்த வேண்டியிருந்தால் பெரும்பாலும் அது உறவில்லை.

இரவற் சொற்களை வெட்டவே கூடாது. மோட்டார்ப் படகுக்குக் காதெர் என்பார்கள். உருளுவது, சவாரி போவது காத். ‘காதெரில் காத்’ என்று இரண்டும் ஒன்றாகவே வரும், ஆனால் படகுப் பெயர் ஆங்கிலத்திலிருந்து போனது. ரயில் நிலையமான வோக்ஸாலை வோக், ஸால் என்று பிரித்து ‘மண்டபம்’ தேடுபவர்கள் உண்டு. அது லண்டனில் இருந்த ஒரு பூங்காவின் பெயர்.

கோயில் தமிழ் காதில் விழுந்து வளர்ந்தவருக்கு ஒரு சலுகை. வடமொழிக்கும் ரஷ்ய மொழிக்கும் தூரத்து உறவு இருப்பதால், தமிழில் புழங்கும் சில வடசொற்கள் அங்கேயும் முகம் காட்டும். நெருப்பு ஓகோன் (அக்கினி), கதவு த்வேர் (துவாரம்), தேன் ம்யோத் (மது), உயிருள்ள ஜிவோய் (ஜீவன்), வெளிச்சம் ஸ்வெத் (சுவேதம்). ஞாபகத்துக்கு நல்ல கொளுக்கி. ஆனால் இதையே வைத்து ஊகிக்கப் போகாதீர்கள். கரடி மெத்வேத். அதன் பின்பாதியை வேதம், அறிவு என்று நினைத்துத் ‘தேனை அறிந்தது’ எனப் பிரிப்பார்கள். உள்ளே இருப்பது உண்பதற்கான வேர்: தேனுண்ணி.

கொப்பி வேலை

80 பக்க சீஆர் கொப்பி ஒன்று, சிவப்புப் பேனை ஒன்று. பின்னால் 8 பக்கத்தை ‘உடையாத சொற்கள்’ என்று ஒதுக்குங்கள். இரவற் சொல்லும் வேர் பிடிபடாத சொல்லும் அங்கே போகும். மிச்சம் 72 பக்கம், வேருக்கு இரண்டு பக்கமாக 36 வேர். கிழமைக்கு இரண்டு வேர் என்றால் 18 கிழமை.

வேரின் எல்லா வடிவத்தையும் பக்கத்தின் மேல் சிவப்பில் எழுதுங்கள்: தோக், தோச், தெச். கீழே மூன்று நிரை. முதலாவதில் முழுச் சொல், அழுத்தக் குறியோடு. இரண்டாவதில் துண்டுகள், ஒவ்வொரு துண்டுக்கும் கீழே தமிழ்ப் பொருள். மூன்றாவதில் உண்மையான பொருள். இரண்டாவதும் மூன்றாவதும் தனித்தனியாக இருப்பது அவசியம். போத்பிஸ் என்பதைத் துண்டாகப் பார்த்தால் ‘கீழ் எழுத்து’, பொருள் கையொப்பம். உஹோத் புறப்பாடு மட்டுமல்ல, நோயாளியைப் பராமரிப்பதும் உஹோத்தான். துண்டுகளைக் கூட்டிப் பொருள் கண்டுபிடித்துவிட்டோம் என்று நிறுத்தினால் இப்படிப்பட்ட இடத்தில் மாட்டுவீர்கள். அறிந்த பொருளை மறக்காமல் கட்டி வைக்கும் கயிறுதான் வேர். அகராதிக்குப் பதில் அல்ல.

முன்னொட்டுக்காகப் படித்த அந்தப் பதினொன்றைத் தவிர, ஒரு வேருக்கு எட்டுச் சொல்லுக்கு மேல் வேண்டாம். ஹோத் குடும்பத்தில் நூற்றுக்கணக்கில் இருக்கும், எல்லாவற்றையும் அள்ளினால் பழைய பட்டியல் நோய் திரும்பிவரும். எழுதும் நாள் கால் மணி நேரம். அடுத்த நாள் முதலாவது நிரையை மூடிவிட்டு, துண்டுகளைப் பார்த்துச் சொல்லைக் கட்டுங்கள். நாலாம் நாளும் பத்தாம் நாளும் அதையே ஐந்து நிமிடம். பத்தாம் நாள் வராத சொல்லுக்கு ஒரு வசனம் எழுதுங்கள். வந்த சொல்லுக்கு வேண்டாம்.

வினைச்சொல்லில் ஓர் எச்சரிக்கை. எழுதிக்கொண்டிருப்பது பிஸாத், எழுதி முடிப்பது நாபிஸாத். இந்த ‘நா’ பொருளை மாற்றவில்லை, வேலை முடிந்தது என்பதை மட்டும் காட்டுகிறது. வினைகளை எப்போதும் சோடியாக ஒரே வரியில் எழுதுங்கள். அழுத்தத்துக்கு முழு விதி கிடையாது, ஆனால் வி முன்னொட்டு வந்த பெயர்ச்சொற்களில் பெரும்பாலும் அது வி-யிலேயே விழும்: விஹோத், வியெஸ்த், விமானம் புறப்படும் விலெத்.

எந்த வேரில் தொடங்குவது என்பது தொழிலைப் பொறுத்தது. கரையில் நிற்பவருக்கு ஹோத், யெஸ்த், இரண்டு வோத்தும், தோக், கோர், ஸ்வெத், மீனுக்கான ரிப், குளிருக்கான ஹோலோத் போதும். குளிர்சாதனப் பெட்டி ஹோலோதீல்னிக் என்பது அங்கேயே கிடைத்துவிடும். மருத்துவம் படிக்கப் போகிறவர் போல் என்ற வலி வேரில் தொடங்கலாம். வைத்தியசாலை போல்னித்ஸா, நோயாளி போல்னோய். பாமசியில் கேட்கும் வலிநிவாரணி பார்க்கப் பயமாக நீளும், ஆனால் ஓ, பெஸ், போல் என்று முன்பகுதியை மட்டும் பிரித்தால் போதும்: பெஸ் என்றால் ‘இல்லாத’. வலியில்லாமல் ஆக்குவது. பின்னால் தொங்குவது எல்லாம் இலக்கண வால்.

கடைசியாக ஒரு பயிற்சி. அலை கூடிய நாளில் நீந்த இறங்கும் விருந்தினருக்குச் சொல்ல வேண்டிய இரண்டு சொல்: போத்வோத்னோயெ தெச்சேனியெ. அகராதியைத் திறக்காமல் உரித்துப் பாருங்கள். முதற்சொல்லில் வால் னோயெ, முன்னொட்டு போத், நடுவில் வோத். அது எந்த வோத் என்று தீர்மானிக்க, பக்கத்தில் நிற்கும் தெச் உதவி செய்யும்.